வேலையோடு நாற்காலியும் வரட்டும்

  

‘வேலை சிறப்பது அலுவலகத்திலா, வீட்டிலா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னார்? “வீடுங்கிறது ஓய்வெடுக்கிற இடம். வீட்டிலிருந்து வேலைங்கிறது 2020லே கொரோனா கொண்டுவந்த பழக்கம். நோய் போச்சு, பழக்கமும் போகணும்”னாரு. ஐயா, வீடு ஓய்வெடுக்கிற இடம்னு சொல்றீங்களே, அதை உங்க வீட்டு அம்மாகிட்ட ஒருதடவை சொல்லிப் பாருங்க! (சிரிப்பு) காலையிலே காபி போட எழுந்தவங்க ராத்திரி பால் பாத்திரம் கழுவி வைக்கிற வரைக்கும் அங்கே ஒரு தொழிற்சாலையே ஓடுது. (கைதட்டல்)

அது இருக்கட்டும். வரலாற்றுக்கு வருவோம். நடுவர் அவர்களே, வீட்டிலே வேலை செய்வது புதிது இல்லை. அலுவலகத்துக்குப் போய் வேலை செய்வதுதான் புதிது. நெசவாளியின் தறி எங்கே இருந்தது? வீட்டுக்குள்ளே. தட்டாரின் பட்டறை எங்கே? வீட்டுத் திண்ணையிலே. வேலை செய்ய ஒரு கட்டடம், குடியிருக்க இன்னொரு கட்டடம், நடுவிலே ஒரு பஸ் என்கிற ஏற்பாடு நேற்று வந்தது.

நம்ம சென்னையையே எடுத்துக்குவோம். 1734ஆம் ஆண்டு. சென்னைப்பட்டணத்துக் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏற்றுமதிக்குத் துணி வேண்டும். நெசவாளிகளோ வெளியூர்களிலே இருக்கிறார்கள். என்ன செய்தார்கள்? கூவம் ஆறு வளைந்து போகிற இடத்திலே, சுங்குராமச் செட்டியார் வசமிருந்த பெரிய தோட்டத்தை எடுத்து, ஒரு ஊரையே உண்டாக்கினார்கள். அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதுதான் அப்படி மருவியது என்று சொல்வார்கள்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பெனிக்காரன் ஒரு பெரிய கொட்டகை போட்டு, “காலை எட்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போடு”ன்னு சொல்லலே. குடியிருக்க இடம் கொடுத்தான். வீடு கட்டிக்கொள்ளக் கடன் ஏற்பாடு செய்தான். நூற்பவர், நெய்பவர், சாயம் தோய்ப்பவர், வெளுப்பவர் எல்லாரையும் பக்கத்திலே பக்கத்திலே குடிவைத்தான். கோயிலும் எழுந்தது. கம்பெனிக்காரன் தருமவான் இல்லை, சுத்த வியாபாரி! அவனுக்கே தெரிந்திருக்கிறது: ஒருவனை வீட்டிலே உட்கார்ந்து வேலை செய்யச் சொன்னால், வேலைக்கு வேண்டியதை அவன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். (கைதட்டல்)

அடுத்து மயிலாப்பூருக்கு வாங்க. உயர் நீதிமன்றம் 1862லே வந்தது. நீதிமன்றம் இருப்பது பாரிமுனைப் பக்கம். பேர்பெற்ற வக்கீல்கள் பலர் குடியிருந்தது மயிலாப்பூர், லஸ் பக்கம். வழக்காடியது அங்கே, வழக்கைத் தயார் செய்தது இங்கே, வீட்டிலே! அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் 1929லிருந்து 1944 வரை சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல். பிறகு அரசியல் சாசன வரைவுக் குழுவிலே உறுப்பினர். அந்தத் தலைமுறை வக்கீல் வீட்டு அமைப்பை நினைச்சுப் பாருங்க. முன்கட்டிலே தனி அறை. சுவர் முழுக்கச் சட்டப் புத்தகம். கட்சிக்காரர் உட்கார பெஞ்சு. கட்டை அடுக்கி வைக்க ஒரு குமாஸ்தா. பாடம் கற்றுக்கொள்ள ஜூனியர்கள். முன்கட்டிலே வக்கீல் பேசிக்கொண்டிருந்தால் பின்கட்டிலே சமையல். அந்தக் கதவுதான் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் எல்லை. ஐயா, அந்தக் கதவை மறந்துடாதீங்க. மறுபடி அதுக்கு வருவேன்.

பக்கத்திலேயே திருவல்லிக்கேணி. பிள்ளையார் கோயில் தெருவிலே ‘தியாகராச விலாசம்’. அது தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் வீடு. மாநிலக் கல்லூரிப் பணியிலிருந்து 1919லே ஓய்வு பெற்றார். ஓய்வுன்னா நமக்கு ஈஸிசேர்! அவருக்கு அதற்கப்புறம்தான் வேலை. குறுந்தொகைப் பதிப்பு வந்தது 1937லே! அந்த வீட்டிலே ஒருவர் ஏட்டைப் படிப்பார், இன்னொருவர் வேறு ஏட்டை வைத்து ஒப்பிடுவார், பாட வேறுபாடு வந்தால் குறிப்பார்கள். பின்னாளிலே பெரும்புகழ் பெற்ற கி.வா.ஜ. அந்த வீட்டிலே உடனிருந்து பயின்றவர். வீட்டிலே நடந்த வேலை சோடை போனதா? அந்த வீட்டைத்தான் 2012லே இடித்துவிட்டோம். வேலை நிற்கிறது. அவர் திரட்டிய ஏடுகள் பெசன்ட் நகர் நூலகத்திலே இன்றைக்கும் இருக்கின்றன. (கைதட்டல்)

“இதெல்லாம் பழைய காலம், கம்ப்யூட்டர் காலத்துக்கு ஒத்துவருமா?”ன்னு எதிரணியிலே அம்மையார் ஒருவர் கேட்டாங்க. கேளுங்கம்மா. 1962, இங்கிலாந்து. ஸ்டெஃபனி ஷர்லி என்கிற பெண்மணி சாப்பாட்டு மேசையிலே ஒரு கம்ப்யூட்டர் நிறுவனம் தொடங்கினார். முதலீடு ஆறு பவுன். பெண் பெயரிலே கடிதம் போட்டால் பதில் வருவதில்லை, அதனாலே ‘ஸ்டீவ்’னு கையெழுத்துப் போட்டார். முதல் 300 ஊழியர்களிலே 297 பேர் பெண்கள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர்கள்! வீட்டிலே கம்ப்யூட்டரே கிடையாது. பென்சிலாலே தாளிலே எழுதித் தபாலிலே அனுப்புவார்கள். கன்கார்ட் விமானத்தின் கருப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியது அவர்கள்தான். வேலையைத் துண்டு துண்டாக வரையறுத்து, முடித்துக் கொடுக்கிற வேலைக்கு இவ்வளவு என்று விலை பேசினார்கள். வாடிக்கையாளர் தொலைபேசியிலே வந்தால் குழந்தை அழுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று, தட்டச்சு செய்கிற ஓசையை டேப்பிலே பதிந்து ஓடவிடுவாராம்! (சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனா அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு தாயின் பயம் இருக்குது பாருங்க. குழந்தை அழுதால் வேலை போய்விடுமோ என்கிற பயம்.

இனி நம்ம கதை. 2000ஆம் ஆண்டு தரமணியிலே டைடல் பார்க் திறந்தார்கள். பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். 2015 டிசம்பரிலே அடையாறு கரைபுரண்டது. கண்ணாடிக் கட்டடமெல்லாம் இருந்தது, போக வழிதான் இல்லை! அதற்குப் பிறகு 2020 மார்ச் 25, ஊரடங்கு. அடையாற்றிலும் தியாகராய நகரிலும் வீடுகளெல்லாம் ஒரே வாரத்திலே அலுவலகமாச்சு.

எப்படி ஆச்சு? இரண்டு படுக்கையறை வீடு. ஓர் அறையிலே மகன், ‘மீட்டிங்’. இன்னோர் அறையிலே பேத்தி, ஆன்லைன் வகுப்பு. கூடத்திலே தாத்தா, டெலிவிஷன். மருமகளும் வேலைக்குப் போகிறவள்தான். அவளுக்கு எங்கே இடம்? சமையலறை மேடை! ஒரு பக்கம் லேப்டாப், ஒரு பக்கம் குக்கர். மேலதிகாரி கேள்வி கேட்கிறார், பதிலுக்குக் குக்கர் விசில் அடிக்குது! (சிரிப்பு, கைதட்டல்) நான் கேட்ட கதவு எங்கேங்க? மயிலாப்பூர் வக்கீலுக்கு இருந்த அந்தக் கதவு இந்தப் பெண்ணுக்கு ஏன் இல்லை?

எதிரணியிலே இரண்டு நல்ல வாதம் சொன்னார்கள். ஒன்று, “வீட்டு வேலைன்னா சுரண்டல், பீடி சுற்றுகிற பெண்களைப் பாருங்க”ன்னாங்க. உண்மை. திருநெல்வேலிப் பக்கம் இலையும் தூளும் வீட்டுக்கு வரும், கூலி எண்ணிக்கைக்குத்தான். சுற்றுவது தாய், நறுக்கிக் கொடுப்பது மகள், கூலி ஒரு ஆளுக்கு. வீட்டிலே சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று ஏற்கவே 1966லே தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. இரண்டாவது வாதம், “தனிமை வாட்டும், பதவி உயர்வு போய்விடும்”. அதுவும் உண்மை. சீனாவிலே ஷாங்காய் நகரத்திலே ஒரு பயண நிறுவனம் 2010, 2011லே ஒன்பது மாதம் சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் குழு அதை ஆராய்ந்தது. வீட்டிலிருந்தவர்கள் 13 விழுக்காடு கூடுதலாக வேலை செய்தார்கள். வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனாலும் சோதனை முடிந்ததும் ஏறக்குறைய பாதிப்பேர் “அலுவலகத்துக்கே வர்றோம்”னாங்க. காரணம் தனிமை. அதே அளவு வேலை செய்தாலும் பதவி உயர்வு குறைந்தது.

இப்ப என் கட்சிக்கு வர்றேன். அந்தச் சோதனையிலே சேர என்ன தகுதி வைத்தார்கள் தெரியுமா? வேலையிலே ஆறு மாதம் பழகியிருக்க வேண்டும், நல்ல இணைய இணைப்பு வேண்டும், வேலை செய்யத் தனி அறை வேண்டும்! வாரம் ஒருநாள் அலுவலகத்துக்கு வர வேண்டும். கதவு இருந்ததாலேதான் ஐயா 13 விழுக்காடு கூடியது! (கைதட்டல்)

ஆக, குற்றம் வீட்டிலே இல்லை. வேலையை அனுப்பிவிட்டு, வேலைக்கு வேண்டியதை அனுப்பாதவனிடத்திலே இருக்கிறது. என்ன அனுப்ப வேண்டும்? நான்கு.

ஒன்று, கருவி. லேப்டாப் மட்டும் போதாது. முதுகு வலிக்காத நாற்காலி, இணையச் செலவு, கரண்டு போனால் மாற்று ஏற்பாடு. அலுவலகத்திலே வாடகையும் மின்சாரமும் மிச்சம் பிடிக்கிற முதலாளி, அதிலே ஒரு பங்கைத் தொழிலாளி வீட்டுக்குத் திருப்ப வேண்டாமா?

இரண்டு, தெளிவு. எது வேலை, எப்போது முடிய வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். ஷர்லி செய்தது அதுதான். பச்சை விளக்கு எரியுதா, ஆள் உட்கார்ந்திருக்கிறாளா என்று எட்டி எட்டிப் பார்க்கக் கூடாது. வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆளைத் தேர்ந்தெடுக்கிற வரைக்கும் சந்தேகப்படு. தேர்ந்த பிறகு நம்பு.

மூன்று, எல்லை. ராத்திரி பத்து மணிக்கு “ஒரு நிமிஷம் பேசலாமா?” என்று கூப்பிடக் கூடாது. அலுவலகத்துக்கு மூடுகிற நேரம் இருந்ததே, வீட்டுக்கு அது வேண்டாமா?

நான்கு, உறவு. வாரத்திலே ஒருநாளாவது முகம் பார்த்துப் பேச வைக்க வேண்டும். பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது கண்ணிலே படாதவரையும் கணக்கிலே எடுக்க வேண்டும்.

இதிலே வீட்டாருக்கும் பங்கு உண்டு. வீட்டிலே இருக்கிறாள் என்பதாலேயே சும்மா இருக்கிறாள் என்று அர்த்தம் இல்லை. மகன் லேப்டாப்பைத் திறந்தால் “சத்தம் போடாதே, அவன் வேலை பார்க்கிறான்.” மருமகள் திறந்தால் “கொஞ்சம் காய் நறுக்கிட்டு அப்புறம் பாரேம்மா.” இது என்னங்க நியாயம்? (பலத்த கைதட்டல்) 2017லே மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். விடுப்பு முடிந்த தாய், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், முதலாளியோடு பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று அதிலே எழுதினார்கள். சட்டம் ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. வீட்டுக்குள்ளே ஒரு மேசையை நாமதான் ஒழிச்சுக் கொடுக்கணும்.

நடுவர் அவர்களே! எல்லா வேலையும் வீட்டிலே நடக்காது. பஸ் ஓட்டுகிறவரும் செவிலியரும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் வீட்டிலே நடக்கக்கூடிய வேலையை, வேண்டியதெல்லாம் கொடுத்து வீட்டிலே நடக்கவிட்டால், கைக்குழந்தையோடு இருக்கிற தாயும், முதியோரைப் பார்த்துக்கொள்கிற பிள்ளையும், மாற்றுத் திறனாளியும் வேலையை விடாமல் வாழலாம். 1734லே ஒரு வியாபாரக் கம்பெனிக்குத் தெரிந்தது இன்றைக்கு நமக்குத் தெரியாதா? வேலை வீட்டுக்கு வரட்டும், வேலையோடு நாற்காலியும் வரட்டும் என்று சொல்லி, வீட்டிலேதான் வேலை சிறக்கும் என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.