மதுரைக் கோட்டை மதிலும் வெளிவீதியும்

பெருங்கோயில்களைச் சூழ்ந்த நகர்வெளியைத் திருத்தியமைத்தல் 19ஆம் நூற்றாண்டில் பல நாடுகளிலும் நிகழ்ந்தது. பாரிசில், 1860களில், நோத்ருதாம் பேராலயத்தின் முன்னிருந்த கட்டடங்கள் இடிக்கப்பட்டுப் பரந்த முற்றவெளி உண்டாயிற்று. மதுரையிலோ மாற்றம் கோயிலருகில் நிகழாது நகரின் விளிம்பில் நிகழ்ந்தது.

நாயக்கர் காலக் கோட்டை மதிலை, 1834 முதல் 1847 வரை கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் இடிப்பித்தார், அகழியையும் தூர்ப்பித்தார். அப்பணிக்கு முன்வந்த குடிமக்கட்கு அந்நிலத்திலேயே மனைகள் வழங்கப்பட்டன. இவ்வாறு தோன்றிய வெளிவீதிகள் நான்கும், சித்திரை, ஆவணிமூல, மாசி வீதிகளைப் போன்றே மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு சதுரமாய் அமைந்தன. எனவே, ஆங்கிலேயர் மதிலை நீக்கினரேயன்றிக் கோயில் வகுத்த நகரமைப்பை நீக்கினரல்லர். அதற்கு மேலுமொரு சுற்றைச் சேர்த்தனர் என்பதே எம் துணிபு.

பிளாக்பர்னின் நினைவாக விளக்குத்தூண் நிற்கின்றது. நில அளவையாளர் மாரட், பணியை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயர்கள் வீதிப்பெயர்களாய் வழங்குகின்றன. மதிலை இடித்து, மண்சுமந்து, அகழியைத் தூர்த்த மக்களின் பெயர் எவ்வீதிக்கும் இல்லை. மதுரையின் வரலாறு எழுதுவோர் வெளிவீதியையே அவர்தம் நினைவுச்சின்னமாகக் கொள்ளுதல் தகும்.