பூங்காவிலுள்ள உடற்பயிற்சிக் கருவிகளும் காயப்பட்ட உடல்களும்

வடக்கிலும் கிழக்கிலும் சில பூங்காக்களிலும் கடற்கரை நடைபாதைகளிலும் மஞ்சளும் நீலமும் பூசிய இரும்புக் கருவிகள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். காசு கட்டத் தேவையில்லை, யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஜிம்முக்குப் போக வசதியோ கூச்சமின்மையோ இல்லாதவர்களுக்கு இது நல்ல விடயம். ஆனால் அவற்றில் ஒட்டியிருக்கும் விளக்கப் படத்தைப் பாருங்கள். அதில் இருப்பவனுக்கு இரண்டு கையும் இரண்டு காலும் உண்டு. அவனுடைய நாரிக்குள் எறிகணைத் துண்டு எதுவும் இல்லை.

இந்தக் கட்டுரைக்காகக் கருவிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, செயற்கைக் காலுடன் நடந்துவந்த ஒரு அண்ணை கேட்டார்: "தங்கச்சி, இது எங்களுக்கும் சேர்த்துத்தான் போட்டதோ?" பாவிக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எல்லாக் கருவியையும் அல்ல, எல்லோரும் ஒரே மாதிரியும் அல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டல் வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடலசைவையும், குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் அதே அளவுதான், முடிந்தவரை. காயப்பட்டவர் சும்மா இருக்க வேண்டும் என்ற எங்கள் ஊர் எண்ணம் தவறு. இருந்தே பழகிய உடலில் சீனி வருத்தமும் பிரஷரும் சீக்கிரம் சேர்ந்துவிடுகின்றன.

முதலில், காற்றில் நடப்பது போல இரண்டு காலும் முன்னும் பின்னும் ஆடும் கருவி. எல்லோரும் ஏறுவது இதில்தான், நான் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். இதற்குப் பிரேக் இல்லை. ஆடிக்கொண்டிருக்கும்போது இறங்கினால் மற்ற மிதி திரும்பி வந்து கணுக்காலில் அடிக்கும். கால் நிலத்தில் தொடும் அளவுக்கு ஆட்டம் நின்ற பிறகே இறங்க வேண்டும். செயற்கைக் கால் போட்டவருக்கு மிதியில் பாதம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. கண்ணால் பார்த்தே வைக்க வேண்டும். முதல் சில நாட்கள் ஒருவர் மிதியைப் பிடித்துக்கொள்ளட்டும், வீச்சையும் சிறிதாகவே வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலும் பின்னாலும் பிள்ளைகள் ஓடுகிறார்களா என்று ஏறுவதற்கு முன் பாருங்கள். ஐரோப்பாவில் 2015 இல் வந்த ஈ.என். 16630 என்ற தரநிர்ணயம் இத்தகைய கருவிகளை 140 சென்ரிமீற்றருக்கு மேல் உயரமானவர்களுக்கே உரியவை என்கிறது. எங்கள் பூங்காக்களில் பின்னேரம் அதில் தொங்குவது அனேகமாகச் சின்னப் பிள்ளைகள்தான்.

வட்டத் தட்டில் நின்று இடுப்பைத் திருப்பும் கருவியைச் செயற்கைக் கால் உள்ளவர்கள் விட்டுவிடுவது நல்லது. உடல் திரும்பும்போது முறுக்கம் முழுவதும் எஞ்சிய காலின் தோலுக்கும் அதைச் சுற்றியுள்ள குழிக்கும் இடையில் விழும், தோல் உரியும். முள்ளந்தண்டில் காயமோ நாரிப் பிடிப்போ உள்ளவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இருந்தபடி கைகளால் தள்ளும் கருவியில் நீங்கள் தள்ளும் பாரம் உங்கள் சொந்த உடலின் நிறைதான். தள்ளத் தள்ள இருக்கையே மேலெழும். ஜிம்மில் போல இரும்புத் தட்டைக் கழற்றிப் பாரத்தைக் குறைக்க முடியாது. தோளில் பழைய காயம் உள்ளவர் காலை நிலத்தில் ஊன்றிச் சற்று உதவிக்கொள்ளலாம், அப்படியும் வலித்தால் விட்டுவிட வேண்டும். தள்ளும்போது மூச்சை அடக்காதீர்கள். அடக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும். தள்ளும்போது மூச்சை விடுங்கள், திரும்பும்போது எடுங்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தோள்தான் கால். நாள் முழுக்க நாற்காலியை உருட்டித் தேய்ந்த தோளுக்குக் கையால் சுற்றும் சக்கரத்தில் இன்னும் வேலை கொடுப்பதென்றால் கொஞ்சமாக, நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, சக்கரம் தோள் மட்டத்துக்கு மேல் இல்லாதபோது மட்டும். கருவியின் வெறும் இரும்பு இருக்கைக்கு மாறி அமராதீர்கள். உணர்ச்சியற்ற தோலில் அழுத்தப் புண் வர அதிக நேரம் தேவையில்லை.

எங்கள் வெயிலையும் மறக்க வேண்டாம். பத்து மணிக்குப் பிறகு அந்த இரும்பைத் தொட்டாலே சுடும். சீனி வருத்தத்தால் பாதமும் விரலும் விறைத்தவருக்குச் சூடு தெரியாமலே கொப்பளம் வந்துவிடும். காலையில் போங்கள், சப்பாத்துப் போடுங்கள், வீட்டுக்கு வந்து பாதத்தைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றில் போக வேண்டாம், பொக்கற்றில் இனிப்பு ஒன்று இருக்கட்டும். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள், அச்சுகளில் அவை சிக்கும்.

உடலில் துண்டு இருப்பவர்கள் பலர் அதோடு பல வருடம் பிரச்சினையின்றி வாழ்கிறார்கள். ஆனால் மூட்டுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் இருந்தால் தொடங்குமுன் பழைய எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு வைத்தியரிடமோ வைத்தியசாலையின் இயன்மருத்துவரிடமோ காட்டுங்கள். செயற்கைக் கால் பற்றி யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் போன்ற, கால் செய்து தந்த இடத்திலேயே கேட்பது மேல். பயிற்சியின்போது புதிதாக விறைப்பு, வீக்கம், கால் இழுப்பது போன்றவை வந்தால் அன்றே நிறுத்த வேண்டும். நெஞ்சு இறுகினாலோ மயங்கினாலோ 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.

கடைசியாகக் கருவியின் நிலை. கடற்காற்று இரும்பை வேகமாகத் தின்னும், அதுவும் பெயின்றுக்கு அடியில். ஏறுமுன் கையால் ஆட்டிப் பாருங்கள். அடித்தளத்தில் ஆட்டம், ஒட்டு வைத்த இடத்தில் வெடிப்பு, ஆணி இல்லாத துளை, கிறீச்சென்ற சத்தம், இவற்றில் ஒன்றிருந்தாலும் ஏறாதீர்கள். படம் எடுத்து மாநகர சபைக்கோ நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்குப் பிரதி வைத்திருங்கள். பதில் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தச் சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், யார் பொறுப்பு என்று மூன்று கேள்வி போதும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.