பதினேழு கோல்களுக்குப் பின்

இராஜபாளையம் நகராட்சியையும் ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியையும் ஒருசேரக் கூட்டினால், 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இரண்டு இலட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வருவர். சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்த்துக்கொண்டால் மூன்று இலட்சத்தை எட்டலாம். 2006ஆம் ஆண்டில் மாலத்தீவு நாடு முழுவதிலும் இருந்த மக்கள் அவ்வளவே. நம் இரண்டு ஊர்களிலிருந்து பதினொரு இளைஞரைத் திரட்டி, நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களையுடைய இந்தியாவின் கால்பந்துக் குழுவுக்கு எதிரே நிறுத்தினால் வெல்ல இயலுமா என்று கேட்டால் எவரும் நகைப்பர். மாலத்தீவார் 2008இல் வென்றனர். 2018இல் மீண்டும் வென்றனர்.

அந்நாடு நமக்கு அந்நியமன்று. கி.பி. 1153, ஹிஜ்ரி 548இல் இஸ்லாத்தைத் தழுவிய தீவுக்கூட்டம் அது. அங்கே காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா அவர்கள், பின்னர் இலங்கை வழியாக மஃபர் கரையில் இறங்கி, மதுரை சுல்தானிடமும் வந்து சேர்ந்தார்கள். அரபி கற்றவர்க்கு மேலுமொரு வியப்புண்டு. திவேஹி மொழியை எழுதும் தானா எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. அதன் முதல் ஒன்பது எழுத்துகளும் அரபி இலக்கங்களிலிருந்து பிறந்தவை. இதனை விரித்தால் கட்டுரை வேறு திசையில் சென்றுவிடும்; ஆட்டத்திற்கு வருவோம்.

1979ஆம் ஆண்டு ரியூனியன் தீவில் நடைபெற்ற இந்தியப் பெருங்கடல் தீவுகளின் போட்டியில்தான் மாலத்தீவுக் குழு முதன்முதலாகப் பிறநாட்டாருடன் மோதியது. செஷல்ஸ் குழு ஒன்பது கோல்கள் போட்டது; மாலத்தீவார் ஒன்றும் போடவில்லை. 1982இல் கால்பந்துச் சங்கம் அமைந்தது. 1986இல் உலகக் கால்பந்துக் கழகமாகிய ஃபிஃபாவில் இடம் கிடைத்தது.

1997ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் திமிஷ்கு நகரில் நிகழ்ந்ததோ அதனினும் கடுமையானது. உலகக் கோப்பைத் தகுதியாட்டத்தில் ஈரான் குழு பதினேழு கோல்கள் அடித்தது. அவற்றுள் ஏழு, கரீம் பாகிரி என்னும் ஒருவரே அடித்தவை. அடுத்து சிரியா இரண்டு ஆட்டங்களிலும் பன்னிரண்டு பன்னிரண்டாக அடித்தது. அத்தொடரின் ஆறு ஆட்டங்களிலும் மாலத்தீவார் வாங்கிய கோல்கள் 59; திருப்பி அடித்தது ஒன்றுமில்லை.

இத்தகைய அவமானத்துக்குப் பின் பலர் ஆட்டத்தையே கைவிட்டிருப்பர். அவர்களோ மூன்று மாதங்களுக்குள் காத்மாண்டு சென்று, தெற்காசியக் கோப்பையின் இறுதியாட்டம் வரை முன்னேறினார்கள். அங்கு இந்தியாவிடம் 5-1 என்று தோற்றது உண்மையே. ஆயினும், ஜூனில் அழுதவர்கள் செப்டம்பரில் இறுதியாட்டத்தில் நின்றார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2001இல் சீனாவிடம் அயல்மண்ணில் 10-1 என்று தோற்றவர்கள், தம் மண்ணில் ஒரே கோலில்தான் தோற்றார்கள். 2003இல் டாக்காவில் நடந்த தெற்காசிய இறுதியாட்டத்தில் வங்காளதேசத்திடம் பெனால்டி உதையில் கோப்பையை இழந்தார்கள். 2004 மார்ச் 31 அன்று மாலேயில், உலகக் கோப்பையில் நான்காமிடம் பெற்றிருந்த தென்கொரியாவை ஒரு கோலும் அடிக்கவிடாமல் சமன் செய்தார்கள். அதன் விளைவாகக் கொரியக் குழுவின் போர்த்துகீசியப் பயிற்சியாளர் பதவி இழக்க நேர்ந்தது. நியூ ரேடியண்ட், விக்டரி, வாலென்சியா முதலிய மன்றங்கள் யாவும் மாலே என்னும் அச்சிறு தீவிலேயே ஒன்றையொன்று எதிர்த்து ஆடி வந்தமை இம்முன்னேற்றத்தின் வேர் என்பது என் கருத்து. நாள்தோறும் எதிரணியில் நிற்பவன் அண்டை வீட்டுப் பிள்ளை. நாட்டுக்கென ஆடும்போது அவன் காலடி இவனுக்கு மனப்பாடம்.

2008 ஜூன் 14. கொழும்பு சுகததாச அரங்கு. எதிரே இந்தியா. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தபோது முக்தார் நசீர் அடித்த ஒரே கோல் கோப்பையை மாலேக்குக் கொண்டு சென்றது.

இத்தகைய ஆட்டங்களில் இந்திய முஸ்லிம்களின் உள்ளம் எப்பக்கம் என ஐயுறுவோர் இன்றும் உளர். நம் உள்ளம் நம் நாட்டுக் குழுவின் பக்கமே. ஆயின், வென்றவனின் உழைப்பை மெச்சுவதும் நீதியைச் சேர்ந்ததே. நாயகம் (ஸல்) அவர்களின் அள்பா என்னும் பெண் ஒட்டகத்தை எவரும் முந்தியதில்லை. ஒரு நாட்டுப்புறத்து அரபி தம் இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். தோழர்கள் மனம் நொந்தனர். நாயகம் அவர்களோ அதனை இறைநியதியாகவே எடுத்துரைத்தார்கள்.

2018ஆம் ஆண்டுக் கதை சற்று வேடிக்கையானது. டாக்காவில் முதற்சுற்றில் மாலத்தீவார் ஒரு கோலும் அடிக்கவில்லை. இலங்கையுடன் சமன், இந்தியாவிடம் தோல்வி. இலங்கையும் அவர்களும் எல்லாவற்றிலும் சமமாக நின்றமையால் பூவா தலையா போட்டே அரையிறுதிக்குரியவரைத் தேர்ந்தார்கள். நாணயம் மாலத்தீவுக்கு விழுந்தது. அப்புறம் நேபாளத்தை 3-0 என்றும், இறுதியில் இந்தியாவை 2-1 என்றும் வென்றார்கள். நாணயத்தைக் குறைகூறுவோர் கூறட்டும். அந்த ஐந்து கோல்களையும் நாணயம் அடிக்கவில்லை.

அதன்பின் காற்று மாறிற்று. 2021இல் மாலேயிலேயே இந்தியா அவர்களை 3-1 என வென்றது. 2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மீண்டும் 3-0. 2008இல் கோப்பையை இழந்த இந்தியக் குழுவில் இடம்பெற்றிருந்த சுனில் சேத்ரி, நாற்பது வயதில், ஓய்வை விலக்கிக்கொண்டு வந்து அன்று மூன்றாவது கோலை அடித்தார்.