பிறை ஆண்டும் பசலி ஆண்டும்
செங்கை மாவட்டத்தில் பெருநாள் செலவின் கணக்கு

பெருநாள் செலவைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ‘வீண்விரயம்’ என்ற ஒரே சொல்லால் அதை முடித்துவிடுவது நம் மேடைகளின் வழக்கமாகிவிட்டது. விரயம் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஆடம்பரமே அறியாத எளிய குடும்பங்களும் பெருநாளை ஒட்டி நகையை அடகு வைக்கின்றன. வட்டியை வெறுப்போரும் பெருநாளுக்காக வட்டி கட்டுகின்றனர். இல்லத்தரசியின் கை நீளம் என்று கூறி இதைத் தள்ளிவிட இயலாது. இதற்கு ஆழமான வேறொரு காரணம் உண்டு. வருவாய் ஒரு நாட்காட்டியிலும் செலவு மற்றொரு நாட்காட்டியிலும் வருவதே அது. பேரரசுகளின் கருவூலங்களையே கலங்கவைத்த இச்சிக்கலைச் செங்கற்பட்டு மண்ணின் கணக்கேடுகளைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

பிறை ஆண்டு 354 நாள்களைக் கொண்டது. சில ஆண்டுகளில் 355. சூரிய ஆண்டைவிட இது ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. அறியாமைக் கால அரபிகள் இக்குறையை ஈடுகட்ட மாதங்களை முன்பின்னாக மாற்றிவந்தனர். ‘நஸீஉ’ எனப்பட்ட அவ்வழக்கத்தைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் தடுத்தது. ஹிஜ்ரி 10இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிகழ்த்திய இறுதி ஹஜ்ஜின் பேருரையும் அதை உறுதிசெய்தது. அன்றுமுதல் நோன்பும் பெருநாளும் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன. குளிர்நாட்டாருக்கும் வெப்பநாட்டாருக்கும் நோன்பின் எளிமையும் கடுமையும் மாறிமாறிக் கிடைப்பது இதன் நலன்களுள் ஒன்று.

இரு ஆண்டுகளுக்கும் இடையிலான விகிதத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். குகைவாசிகள் தங்கிய காலத்தை முந்நூறு என்றும், அதன்மேல் ஒன்பது என்றும் திருமறை கூறுவதற்கு விளக்கம் எழுதிய இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள், சூரியக் கணக்கில் 300 ஆண்டுகள் பிறைக் கணக்கில் 309 ஆகும் என்றும், நூறு ஆண்டுக்கு மூன்று ஆண்டுகள் மிகும் என்றும் குறிப்பிடுகிறார்கள். எளிதாகச் சொன்னால், 33 சூரிய ஆண்டுகளில் 34 பெருநாள்கள் வருகின்றன.

ஆட்சியாளர்க்கு இது பெருஞ்சிக்கலாயிற்று. ஆண்டுக்கணக்கு எதுவாயினும் கதிர் முற்றுவது கதிரவனின் போக்கில்தான். அப்பாசியர் காலத்தில் நிலவரி வசூல் பாரசீகரின் நவ்ரோஸ் நாளை ஒட்டித் தொடங்கியது. மிகுநாள் சேர்க்கும் பழைய முறை கைவிடப்பட்டதால் அந்நாள் நாளடைவில் அறுவடைக்கு முன்னதாகவே வரலாயிற்று. கலீஃபா முதவக்கில் வேட்டைக்குச் சென்றபோது வயலில் பயிர் இன்னும் பச்சையாக நிற்பதைக் கண்டு, இந்நிலையில் வரி வசூலிக்க அனுமதி கேட்கிறார்களே என்று வியந்ததாக அல்பீரூனி தம் ‘அல் ஆஸாருல் பாக்கியா’வில் எழுதுகிறார். குடிகள் கடன் வாங்கி வரி கட்டுகின்றனர் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிய வந்தது. முதவக்கில் தொடங்கிய சீர்திருத்தம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. ஹிஜ்ரி 282இல் (895) கலீஃபா முஃததித், வசூல் தொடங்கும் நாளை ஜூன் 11க்கு மாற்றி அதை நிறைவேற்றினார்.

உதுமானியப் பேரரசில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. வரி அறுவடையை ஒட்டிச் சூரியக் கணக்கில் வந்தது; யெனிச்சேரிப் படையினரின் ஊதியமோ பிறை மாதங்களின்படி ஆண்டுக்கு நான்கு தவணைகளாக வழங்கப்பட்டது. எனவே 33 ஆண்டு வருவாயைக்கொண்டு 34 ஆண்டு ஊதியம் கொடுக்கவேண்டியதாயிற்று. வருவாய் இல்லாமலே கழிந்த அந்த ஓராண்டைத் துருக்கியர் ‘சிவிஷ்’, அதாவது நழுவிய ஆண்டு என்றனர். அத்தகைய ஆண்டுகளை ஒட்டிக் கருவூலம் நெருக்கடிக்கு உள்ளானதைத் துருக்கிய வரலாற்றறிஞர் ஹலீல் ஸாஹில்லியொலு ஆராய்ந்து காட்டியுள்ளார்.

இந்தியாவில் இதற்குக் கண்ட தீர்வே பசலி. ‘ஃபஸ்ல்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் பருவம் என்பது பொருள். அக்பர் காலத்தில் வடக்கே வழக்குக்கு வந்த இம்முறையை ஷாஜஹான் தக்காணத்தில் புகுத்தினார். ஹிஜ்ரி 1046இல் (1636), அவ்வாண்டின் எண்ணையே எடுத்துக்கொண்டு, அதன்பின் சூரிய ஆண்டாக எண்ணிவரச் செய்தனர். தக்காணத்துப் பசலி பின்னர்க் கருநாடகப் பகுதிக்கும் பரவியது. ஆற்காட்டு நவாபு முஹம்மது அலீ வாலாஜா 1763இல் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக வழங்கிய பின்னரும் பசலிக் கணக்கு தொடர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1855இல் பசலி ஆண்டின் தொடக்கம் ஜூலை 1 என வரையறுக்கப்பட்டது. செங்கற்பட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியின் கணக்கு இன்றும் பசலியில்தான் எழுதப்படுகிறது.

2024 ஜூலையில் பசலி 1434 தொடங்கியது. அதே மாதத்தில்தான் ஹிஜ்ரி 1446ஆம் பிறந்தது. 1046இல் ஒன்றாகப் புறப்பட்ட இரு எண்களுக்கும் இடையே இன்று 12 வேறுபாடு. இந்த மண் 388 ஆண்டுகள் விளைவதற்குள் பிறை 400 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. விளைச்சல் வராத 12 ஆண்டுகளின் பெருநாள்களையும் நம் முன்னோர் எப்படியோ கொண்டாடியே வந்திருக்கின்றனர். அரசு தனக்கென ஒரு பசலியை அமைத்துக்கொண்டு தப்பித்தது. இல்லங்களுக்கு அவ்வாறு ஒரு கணக்கு அமையவில்லை.

ஆண்டின் எண்ணிக்கையைவிடப் பருவமே இல்லங்களை மிகுதியும் வருத்துவது. செங்கற்பட்டு ஏரிப்பாசனச் சீமை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மதுராந்தகம் முதலான ஏரிகள் நிரம்புகின்றன. சம்பா தை மாதத்தில் களத்துக்கு வருகிறது. நவரையும் சொர்ணவாரியும் நீர் இருப்பைப் பொறுத்தவை. தைப்பொங்கல் எக்காலத்தும் நெல்லோடுதான் வரும். நோன்புப் பெருநாளோ சில ஆண்டுகளில் நெல் குதிரில் இருக்கும்போதும், சில ஆண்டுகளில் நாற்று வயலில் நிற்கும்போதும் வரும்.

கடற்கரைக்கு வருவோம். நவாபுகள் காலத்தில் ‘சஆதத் பந்தர்’ எனப் பெயர்பெற்றிருந்த கோவளம், மாமல்லபுரம், டச்சுக்காரர் கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களில் வருவாயின் நாட்காட்டி முற்றிலும் வேறு. மாமல்லபுரத்துக் கடைவீதிக்கு டிசம்பரும் ஜனவரியுமே நல்ல காலம். மீன் வணிகத்துக்கோ வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள் மந்தமானவை. அத்துடன், 2001 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15இல் தொடங்கி 45 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை விதிக்கப்பட்டது. 2017 முதல் அது ஜூன் 14 வரை 61 நாள்களாயிற்று. 2019 தொடங்கி 2023 முடிய ஐந்து நோன்புப் பெருநாள்களும் இத்தடைக் காலத்துக்குள்ளேயே வந்தன. மீன் ஏலத்தையும் ஐஸ் வணிகத்தையும் நம்பிய ஒரு குடும்பம் அந்த ஐந்தாண்டுகளில் பெருநாளுக்காகக் கடன் பட்டிருந்தால், அதை ஊதாரித்தனம் என்று எவ்வாறு கூறுவது?

மாதச் சம்பளக்காரரும் இதற்கு விலக்கல்லர். 2024 ஏப்ரல் 11இல் ஒரு நோன்புப் பெருநாள். 2025 மார்ச் 31இல் அடுத்தது. இரண்டும் ஒரே நிதியாண்டில் அடங்கிவிட்டன. நிதியாண்டுக்கு ஒரு பெருநாள் என்று எண்ணித் திட்டமிட்டவர் அவ்வாண்டில் இரண்டு பெருநாள்களைச் சந்தித்தார். 2000ஆம் ஆண்டிலும் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் ஒன்றுமாக இரண்டு வந்தன. சரியாக 33 ஆண்டுகள் கழித்து 2033இல் மீண்டும் அவ்வாறே வரும். உதுமானியரின் நழுவிய ஆண்டு நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது.

இதற்குத் தீர்வு என்ன? அதுவும் பசலிக் கணக்கின் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. மகசூல், வசூல், பாக்கி, கிஸ்தி ஆகிய யாவும் அரபியிலிருந்து வந்தவை. ‘கிஸ்த்’ என்பதற்குப் பங்கு என்றும் பொருள், நீதி என்றும் பொருள். ஒரு பெருஞ்சுமையைப் பல பங்காக்குவதே நீதியானது என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது. நிலவரியைக் கிஸ்தியாகக் கட்டிய சமூகம் பெருநாள் செலவையும் கிஸ்தியாக்கலாம். ஆனால் கடனுக்குப் பின்னர்க் கட்டும் கிஸ்தியாக அன்று, பெருநாளுக்கு முன்னர்ச் சேர்க்கும் கிஸ்தியாக.

ஓர் எடுத்துக்காட்டு. இரு பெருநாள்களுக்கும் சேர்த்து ஓர் இல்லத்துக்கு 24,000 ரூபாய் ஆகும் என்று கொள்வோம். பிறை கண்டவுடன் 2,000 ரூபாய் எடுத்துவைத்தால் பன்னிரண்டு பிறையில் கணக்கு நேராகும். சம்பளத் தேதியில் எடுத்துவைப்பவர் 2,062 ரூபாய் வைக்கவேண்டும். ஜகாத்திலும் இவ்விகிதமே செயல்படுகிறது. பிறை ஆண்டுக்கு இரண்டரை சதமாக உள்ள ஜகாத், சூரிய ஆண்டின்படி கணக்கு முடிக்கும் வணிகர்க்கு 2.577 சதம் ஆகிறது. மாதத்துக்கு 62 ரூபாய் என்பது சிறு தொகையே. ஆயினும் அதை விட்டுவிட்டால் 33 ஆண்டுகளில் ஓர் ஆண்டின் பெருநாள் செலவு முழுவதும் துண்டு விழும்.

கூட்டாகச் செய்யும்போது இது மேலும் எளிது. மீனவருக்கான சேமிப்புடன் கூடிய நிவாரணத் திட்டத்தில் மீனவர் நல்ல மாதங்களில் 1,500 ரூபாய் செலுத்த, அரசு 3,000 ரூபாய் சேர்த்து, மந்த காலத்தில் 4,500 ரூபாயாக வழங்குகிறது. மலாயாவில் ஹஜ் பயணத்துக்காக நிலத்தையும் கால்நடைகளையும் விற்றுப் பின்னர் வறுமையுற்ற கிராமத்தாரைக் கண்ட பொருளியலறிஞர் உங்கு அஸீஸ், வட்டி கலவாத சேமிப்பு நிறுவனம் ஒன்றுக்கு 1959இல் திட்டம் வகுத்தார். 1963இல் செயலுக்கு வந்த அதுவே இன்றைய தாபுங் ஹாஜி. நம் மஹல்லா பைத்துல்மால்களும் சிறுசேமிப்பைப் பெற்று, ஷஅபான் மாதத்தில் திருப்பித் தரும் பணியை மேற்கொள்ளலாம். ஒழுங்கான கணக்கும் ஆண்டுத் தணிக்கையும் இல்லாமல் இதில் இறங்கலாகாது. பதிவு பெறாத பண்டிகைச் சீட்டுகளில் பணம் கட்டி இழந்தோரின் துயரம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று.

செல்வர்க்கும் இதில் பங்குண்டு. ஜகாத் முழுவதையும் ரமலானின் கடைசிப் பத்தில் வழங்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. ஆனால் கடமையாகும் நாளுக்கு முன்னரே ஜகாத்தைக் கொடுக்க அப்பாஸ் (ரலி) அவர்கள் நபிகளாரிடம் அனுமதி பெற்ற செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. நிஸாப் அளவை அடைந்தவர் அவ்வாறு முன்கூட்டிக் கொடுப்பதை ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் இரண்டுமே ஏற்கின்றன. எனவே ஜகாத்தையும் மாதக் கிஸ்தியாக்கி, மழைக்காலத்திலும் தடைக்காலத்திலும் ஏழை இல்லத்துக்குச் சேர்க்க வழி உண்டு. ஃபித்ராவைப் பெருநாளுக்கு ஓரிரு நாள் முன்னரே இப்னு உமர் (ரலி) அவர்கள் வழங்கிவந்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் ரமலான் தொடக்கத்திலிருந்தே வழங்கலாம். பெருநாள் இரவில் கையில் சேரும் அரிசியைவிட, பத்து நாள் முன்னதாகச் சேரும் அரிசி ஓர் அடகைத் தடுக்கும். விளைபொருளின் ஜகாத்தை அறுவடை நாளோடும், பிற செல்வத்தின் ஜகாத்தைப் பிறை ஆண்டோடும் இணைத்திருப்பதால், ஷரீஅத் இவ்விரு நாட்காட்டிகளையும் அறிந்தே நடக்கிறது எனலாம்.

இனிவரும் ஆண்டுகளை எண்ணிப் பார்ப்போம். பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின்னாகலாம். 2027 மார்ச் முதல் 2033 ஜனவரி வரை ஏழு நோன்புப் பெருநாள்கள் சம்பா அறுவடையை ஒட்டி வருகின்றன. அதன்பின் 2033 டிசம்பர் முதல் 2039 அக்டோபர் வரை ஏழு பெருநாள்கள், பயிர் வயலில் நிற்க, கடல் கொந்தளிக்கும் வடகிழக்குப் பருவத்தின் மாதங்களில் வருகின்றன. மாமல்லபுரத்துக் கடைக்காரருக்கு இவ்வரிசை வேறாக அமையும். அவரவர் தொழிலுக்கேற்ப அவரவர் கணக்கிட்டுக்கொள்ள வேண்டியதே. ஆனால் செங்கற்பட்டின் உழவருக்கு ஏழு நல்ல பெருநாள்களும் ஏழு நெருக்கடியான பெருநாள்களும் முன்கூட்டியே தெரிகின்றன. எகிப்தின் மன்னன் கண்ட கனவுக்கு விளக்கம் தர யூஸுஃப் (அலை) அவர்கள் தேவைப்பட்டார்கள். நமக்கோ கனவும் வேண்டுவதில்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும். கதிரில் விட்டுவைக்கும் மனம் ஒன்றுதான் வேண்டும்.