பிரான் கோட்டையும் நான் இட்ட தலைப்பும்

2007ஆம் ஆண்டு ஜூலை மாதத்து இரவொன்றில் ஆசிரியபீடத்தில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை முடித்துக்கொண்டிருந்தேன். அச்சுக்கு அனுப்பும் நேரம் நெருங்கிவிட்டது. பக்கத்தின் அடியில் ஒரு சிறிய இடம் காலியாக இருந்தது. அதை நிரப்ப ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது, செய்தி முகவர் நிறுவனமொன்றின் தகவல் கண்ணில் பட்டது. ருமேனியாவின் பிரான் கோட்டை விற்பனைக்கு வந்திருக்கிறது. எதிர்பார்க்கப்படும் விலை 13 கோடியே 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் அதிகம் என்பதே செய்தி. "டிராகுலாவின் கோட்டை விற்பனைக்கு!" என்று தலைப்பிட்டு, ஐந்து வரியில் சுருக்கி, பக்கத்தை அனுப்பிவிட்டேன். மறுநாள் நண்பரொருவர் பத்திரிகையும் கையுமாக வந்து, "என்ன ஐசே, நீர் வாங்கப்போகிறீரோ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தத் தலைப்பில் ஒரு சொல்லும் சரியில்லை என்பதைச் சில காலத்தின் பின்னர்தான் அறிந்தேன். இந்தக் கட்டுரை, காலந்தாழ்ந்து வெளியிடப்படும் ஒரு திருத்தம் என்று வாசகர்கள் கொள்ளலாம்.

பிரான் கோட்டை ஒரு சுங்கச் சாவடியாகத் தொடங்கியது. திரான்சில்வேனியாவுக்கும் அதன் தெற்கே இருந்த வலாக்கியாவுக்கும் இடையிலான மலைக்கணவாயில், செங்குத்தான பாறையொன்றின் மீது அது நிற்கின்றது. 1377ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி ஹங்கேரிய மன்னன் முதலாம் லூயி, பிராஷோவ் நகரத்துச் சக்சன் குடிகளுக்கு அங்கே கல்லாலான கோட்டையொன்றைக் கட்டிக்கொள்ள உரிமை வழங்கினான். செலவும் உழைப்பும் அவர்களுடையவை. 1388இல் கட்டட வேலை முடிந்தது. கணவாயைக் கடந்துசென்ற வணிகப் பொருட்களுக்கு அங்கே வரி அறவிடப்பட்டது. தெற்கிலிருந்து வரக்கூடிய துருக்கியப் படைகளும் அங்கிருந்தே கண்காணிக்கப்பட்டன. பின்னர் எல்லையும் மாறிற்று, போர்முறையும் மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது வன அதிகாரிகள் தங்கும் பழைய கட்டடமாக மட்டுமே எஞ்சியது.

டிராகுலா எங்கே வந்தான்? பிராம் ஸ்டோக்கர் தமது நாவலை 1897இல் வெளியிட்டார். அவர் ருமேனியாவுக்குப் போனதேயில்லை. நாவலில் வரும் கோட்டை இருப்பதாகச் சொல்லப்படும் இடம் வட திரான்சில்வேனியாவின் போர்கோ கணவாய்; பிரானிலிருந்து வெகு தொலைவு. அந்தப் பெயருக்கு மூலமான பதினைந்தாம் நூற்றாண்டு வலாக்கிய ஆட்சியாளன் மூன்றாம் விளாட் பிரான் கோட்டையின் உரிமையாளனும் அல்லன், அங்கு வாழ்ந்தவனும் அல்லன். பாறை மேல் நிற்கும் கோட்டையின் தோற்றம் கதைக்குப் பொருத்தமாக இருந்தது; உல்லாசப் பிரயாணிகளுக்கு அது போதுமானதாக இருந்தது; ஓர் இரவுநேரப் பத்திரிகையாளனுக்கும் போதுமானதாக இருந்துவிட்டது.

கோட்டை வீடாக மாறியது முதலாம் உலகப் போருக்குப் பின்னர்தான். 1918இல் திரான்சில்வேனியா ருமேனியாவுடன் இணைந்தது. 1920ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி பிராஷோவ் நகரசபை ஒருமனதாகத் தீர்மானித்து, கோட்டையை மரியா அரசியாருக்கு அன்பளிப்பாக வழங்கியது. அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். விக்டோரியா மகாராணியாரின் பேத்தி. ருமேனிய மன்னர் பெர்டினாண்டின் மனைவி. அரண்மனைக் கட்டடக் கலைஞர் கரேல் லீமானைக் கொண்டு 1927 வரை கோட்டையைத் திருத்தினார். இருண்ட காவலறைகள் படுக்கையறைகளாகவும் வாசிகசாலையாகவும் மாறின. முற்றத்துக் கிணற்றின் துவாரத்துக்குள் ஒரு மின்தூக்கி பொருத்தப்பட்டது. 1932இல் அருகிலிருந்த ஓடையில் அமைக்கப்பட்ட நீர்ச்சுழலி கோட்டைக்கு மட்டுமன்றிச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கும் மின்வெளிச்சம் கொடுத்தது.

1938ஆம் ஆண்டு ஜூலை மாதம் அரசியார் சினாயாவில் காலமானார். பிரான் கோட்டையை மகள் இலியானாவுக்கு எழுதிவைத்திருந்தார். உடல் அரச குடும்பத்தினர் துயிலும் குர்த்தியா தெ அர்ஜெஷில் அடக்கம் செய்யப்பட்டது. இதயத்தை மட்டும், அவரது விருப்பப்படி, பேழையொன்றில் வைத்துக் கருங்கடற் கரையில் உள்ள பால்சிக்கில் அவர் கட்டிய சிற்றாலயத்தில் வைத்தார்கள். அது அங்கே நீண்டகாலம் நிம்மதியாக இருக்கவில்லை. 1940இல் அந்தக் கரையோரம் பல்கேரியாவின் வசமாயிற்று. எல்லை நகர்ந்தபோது இதயமும் இடம்பெயர்ந்து பிரானுக்கு வந்தது. கோட்டைக்கு எதிரே பாறையைக் குடைந்து அமைத்த மாடத்தில் அதனை வைத்தனர்.

இலியானா ஒஸ்ட்ரிய ஹப்ஸ்பேர்க் குடும்பத்தில் மணமுடித்தவர். ஆறு பிள்ளைகளின் தாய். 1944இல் பிள்ளைகளுடன் பிரானுக்கு வந்து குடியிருந்தார். போரில் காயப்பட்டவர்களுக்காக அங்கே ஒரு வைத்தியசாலையை அமைத்து, தாயின் நினைவாக அதற்கு 'அரசியின் இதயம்' என்று பெயரிட்டார். பெயருக்குப் புரவலராக இராமல் தாமே தாதியாக நின்று பணிபுரிந்தார். அந்த வாழ்க்கை நான்கு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1947 டிசம்பர் 30ஆம் திகதி மன்னர் மிஹாய் முடிதுறக்க நிர்ப்பந்திக்கப்பட்டார். அடுத்த மாதமே இலியானாவின் குடும்பம் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டது. மகன் டொமினிக்குக்கு அப்போது பத்து வயது.

சுவிற்சர்லாந்து, ஆர்ஜென்டினா, பின்னர் அமெரிக்கா என அவர்களது அலைச்சல் தொடர்ந்தது. தாயின் நீலமணி முடியை இரவு உடைக்குள் சுற்றி எடுத்துச் சென்ற இலியானா, அதை விற்றே அமெரிக்காவில் குடும்பத்தை நிலைநிறுத்தினார். பிற்காலத்தில் துறவறம் பூண்டு, அன்னை அலெக்சாந்திரா என்ற பெயரில் பென்சில்வேனியாவில் ஒரு கன்னியர் மடத்தை நிறுவினார். 1990இல், நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னர், ருமேனிய மண்ணை ஒரு முறை மிதித்தார். 1991 ஜனவரியில் அமெரிக்காவிலேயே காலமானார். கோட்டையோ 1956 முதல் அரசாங்க நூதனசாலையாக இயங்கிவந்தது.

கம்யூனிஸ ஆட்சிக் காலத்தில் பறிக்கப்பட்ட ஆதனங்களை மீளளிப்பதற்கான சட்டத்தை ருமேனியா 2001இல் இயற்றியது. அதன்படி 2006 மே 26ஆம் திகதி கோட்டை டொமினிக்கிடமும் அவரது சகோதரிகள் இருவரிடமும் கையளிக்கப்பட்டது. பத்து வயதில் வெளியேறியவர் அறுபத்தெட்டு வயதில் சாவியை வாங்கினார். மூன்று ஆண்டுகளுக்கு நூதனசாலையாகவே அதை நடத்துவதென்று அரசுடன் உடன்பாடு இருந்தது.

மறு ஆண்டே கோட்டையை விற்க முன்வந்தார்கள். முதலில் பிராஷோவ் மாவட்ட சபையிடம் சுமார் 6 கோடி யூரோவுக்குக் கேட்டார்கள். சபை வாங்கவில்லை. அதன் பின்னரே விற்பனை ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அன்றிரவு என் மேசைக்கு வந்த செய்தி உலகெங்கும் போயிற்று. ருமேனியாவில் கோபம் எழுந்தது. மீளளிப்பே சட்டத்துக்கு முரணானது என்ற வாதம் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அந்தக் கோபத்தையும் நான் அலட்சியம் செய்யமாட்டேன். பிராஷோவ் மக்களின் முன்னோர் தம் கையால் கட்டிய கோட்டை அது. அவர்களது நகரசபை விலையின்றிக் கொடுத்த கோட்டை. அதையே விலைகொடுத்து வாங்குமாறு அவர்களிடம் கேட்டால் கசக்கத்தான் செய்யும்.

ஆயினும் வாரிசுகளைப் பேராசைக்காரர் என்று தீர்ப்பளிக்கவும் என்னால் முடியவில்லை. அவர்கள் மூவரும் அறுபதுகளில் இருந்தார்கள். அமெரிக்காவிலும் ஒஸ்ட்ரியாவிலும் வேரூன்றியிருந்தார்கள். அவர்கள் ஓடி விளையாடிய அறைகளில் ஐம்பது ஆண்டுகளாகக் கயிறு கட்டி, பயணிகளை வரிசையில் விட்டிருந்தார்கள். தாய் போய்விட்டார். அறுநூறு ஆண்டுப் பழைமையான கூரையைப் பராமரிக்கும் செலவு மட்டும் மிஞ்சியிருந்தது. சட்டத்தினால் கட்டடத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அதில் குடியிருந்திருக்க வேண்டிய ஐம்பத்தெட்டு ஆண்டுகளை எந்தச் சட்டத்தினாலும் கொடுக்க முடியவில்லை. காணி உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்ப முடியாமல் இருந்தவர்கள் நிறைந்த நாட்டில் தொழில் செய்த நான், இதை அந்த இரவிலேயே உணர்ந்திருக்க வேண்டும். அதுதான் என் கூச்சத்துக்குக் காரணம்.

கோட்டை விலைபோகவில்லை. 2009 ஜூன் மாதத்தில் குடும்பத்தினர் அதைத் தனியார் நூதனசாலையாகத் திறந்தார்கள். விற்பனைப் பேச்சு 2014இல் மீண்டும் பத்திரிகைகளில் அடிபட்டது, அப்போதும் கைமாறவில்லை. 2016 ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு, தங்குமிட இணையத்தளமொன்று நடத்திய போட்டியில் வென்ற இருவர் அங்கே சவப்பெட்டி வடிவப் படுக்கைகளில் துயின்றார்கள். ஆறு பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் இரவு தங்குவதற்கு டிராகுலாவின் பெயரில்தான் அழைப்பு வந்தது. நுழைவுச்சீட்டு விற்பனைக்கும் அந்தப் பெயரே உதவுகின்றது என்பதைக் குடும்பமும் அறியும். கூரையைக் காப்பாற்றும் பணம் பொய்க்கதையிலிருந்து வருகிறது என்றால் அவர்களை யார் குறைசொல்வது?

அரசியாரின் இதயத்துக்கு என்ன நேர்ந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கம்யூனிஸ ஆட்சியில் அது பிரானின் பாறை மாடத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, 1971இல் புக்காரெஸ்ட் தேசிய வரலாற்று நூதனசாலையின் களஞ்சியத்துக்குப் போயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே கிடந்தது. 2015 நவம்பரில் அதைச் சினாயாவின் பெலிஷோர் மாளிகைக்கு, அவர் உயிர்நீத்த அதே அறைக்குக் கொண்டுசென்றார்கள். கோட்டை குடும்பத்திடம் மீண்டது. பாறை மாடம் வெறுமையாகவே இருக்கின்றது.

அந்தச் செய்திக்கு இன்று தலைப்பிடச் சொன்னால், "வெளியேற்றப்பட்ட குடும்பம் மீளப்பெற்ற வீட்டை விற்க முன்வருகிறது" என்று எழுதுவேன். இவ்வளவு நீளமான தலைப்புக்கு இடமில்லை என்று பக்க வடிவமைப்பாளர் நிச்சயம் முறைப்பட்டிருப்பார். ஐந்து வரிச் செய்தியில் ஒரு வரியைக் குறைத்தாவது இடம் செய்திருக்கலாம்.