சாட்சி சொல்லும் நூல்

யோவான் சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்தில் ஆளுநர் பிலாத்து கேட்ட கேள்வியை அறியாத கிறிஸ்தவர் இல்லை. சத்தியத்துக்குச் சாட்சி கொடுக்கவே தாம் வந்ததாக இயேசு சொல்கிறார். சத்தியம் என்பது என்ன என்று பிலாத்து கேட்கிறான்; பதிலுக்குக் காத்திராமல் வெளியே போய்விடுகிறான். அதே சுவிசேஷத்தில் நான்கு அதிகாரங்களுக்கு முன்பே அதற்குப் பதில் இருக்கிறது. தாமே வழியும் சத்தியமும் ஜீவனும் என்று இயேசு தம் சீடர்களிடம் சொல்லிவிட்டார். அதாவது, பிலாத்து எதைக் கேட்டானோ அது அவன் எதிரே கைகள் கட்டப்பட்ட நிலையில் நின்றுகொண்டிருந்தது.

கிறிஸ்தவச் சிந்தனை முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது. சத்தியம் என்பது முதலாவதாக ஒரு கோட்பாடோ வாக்கியமோ அன்று, ஒரு நபர். அப்படியானால் நாம் கையில் வைத்திருக்கும் வேதாகமம் எது? அது அந்த நபரைக் குறித்த சாட்சி. வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்க்கிறீர்களே, அவை என்னைக் குறித்தே சாட்சி கொடுக்கின்றன என்ற பொருளில் இயேசுவே பேசியிருக்கிறார். வேதத்தின் அதிகாரத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்தச் 'சாட்சி' என்ற நிலையைச் சார்ந்ததே.

சாட்சி என்று சொன்னால் வேதத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. பிழையே இல்லாத, ஒரே குரலில் பேசுகிற, வானத்திலிருந்து அப்படியே இறங்கிய நூல் என்று சொன்னால்தான் அதற்கு அதிகாரம் உண்டாகும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். சபையின் வரலாறு வேறு கதையைச் சொல்கிறது. முரண்கள் நீக்கப்பட்ட, சீர்செய்யப்பட்ட வேதம் ஒன்றை ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு சபைக்குப் பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும், சிலநேரம் மிகவும் தாமதமாகவே என்றாலும், சபை அதை விலக்கிவைத்தது.

முதல் வாய்ப்பு மார்சியோன் வழியாக வந்தது. கி.பி. 144ஆம் ஆண்டளவில் ரோமாபுரிச் சபையிலிருந்து விலக்கப்பட்ட இவர், பழைய ஏற்பாட்டை முழுவதும் தள்ளிவிட்டு, வெட்டிச் சுருக்கிய ஒரே சுவிசேஷத்தையும் பவுலின் சில நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். இரண்டாவது வாய்ப்பு இன்னும் கவர்ச்சியானது. சீரிய நாட்டவரான தாத்தியான், ஏறத்தாழ 170இல், நான்கு சுவிசேஷங்களையும் இழைத்து ஒரே தொடர்கதையாக்கித் தந்தார். 'தியாதெஸ்ஸரோன்' என்ற அந்த நூல் பக்தியில்லாதவர் செய்த வேலை அன்று. சீரியத் திருச்சபைகள் தலைமுறை தலைமுறையாக அதை ஆராதனையிலேயே வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் சைரஸ் நகரத்து ஆயர் தெயதோரேத்து தம் பகுதிச் சபைகளில் அதன் பிரதிகள் இருநூற்றுக்கும் மேல் இருக்கக் கண்டு, அவற்றை எடுத்துவிட்டு நான்கு சுவிசேஷங்களையும் வைத்ததாகத் தாமே எழுதியிருக்கிறார்.

ஏன் இந்தப் பிடிவாதம்? நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சங்கடம்தானே மிஞ்சுகிறது? சிலுவையின்மேல் எழுதிவைத்த பலகையின் வாசகம் நான்கு சுவிசேஷங்களிலும் நான்கு விதமாக இருக்கிறது. வெறுங்கல்லறையில் மாற்கு கண்டது ஓர் இளைஞன். மத்தேயுவில் ஒரு தேவதூதன். லூக்காவில் இரண்டு மனிதர். யோவானில் இரண்டு தூதர்கள். சேவல் இரண்டு முறை கூவும் என்பதை மாற்கு மட்டும் நினைவில் வைத்திருக்கிறார். இவையெல்லாம் ஆதிச்சபைக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தேதான் அவர்கள் நான்கையும் வைத்துக்கொண்டார்கள். நான்கு சாட்சிகள் சொல்லிவைத்தாற்போல் ஒரே வார்த்தையைச் சொன்னால், அவர்களை யாரோ கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று எந்த நீதிபதியும் ஐயப்படுவார். சாட்சியைத் திருத்தி எழுத யாருக்கும் உரிமை இல்லை என்பதே சபை எடுத்த முடிவின் பொருள்.

இதைவிடச் சிறிய, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. கொரிந்துவில் கட்சி பிரிந்து நிற்பவர்களைப் பவுல் கடிந்துகொள்கிறார். கிறிஸ்பு, காயு என்ற இருவரைத் தவிர உங்களில் யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அதற்காகக் கடவுளுக்கு நன்றி என்கிறார். அடுத்த மூச்சிலேயே, ஸ்தேவானின் வீட்டாருக்கும் கொடுத்தேன் என்று சேர்க்கிறார். அதற்கு அப்பால் வேறு யாருக்காவது கொடுத்தேனோ நினைவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் முந்தைய வரியை அடித்துவிட்டுச் சரியாக எழுதியிருக்கலாம். பின்னால் படியெடுத்தவர்களும் திருத்தியிருக்கலாம். ஒருவரும் செய்யவில்லை. பவுலின் மறதி அப்படியே வேதமாகி நிற்கிறது. ஆவியானவரின் ஏவுதல் என்பதை எழுதுகோலைப் பிடித்த கையை இயக்கும் விசை என்று எண்ணிக்கொள்பவர்கள் இந்த மூன்று வசனங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். கடவுள் ஒரு மனிதனின் நினைவை, கோபத்தை, தடுமாற்றத்தைக்கூட அகற்றாமல் அவன் வழியாகப் பேச வல்லவர் என்பதே ஏவுதலைப் பற்றி இந்தப் பகுதி தரும் பாடம்.

இனி, எழுதப்பட்டது நம்மிடம் வந்து சேர்ந்த விதம். மான்செஸ்டர் நகரத்து ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. ஏறத்தாழ 9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம்; உள்ளங்கையில் அடங்கிவிடும். 1920இல் எகிப்தில் வாங்கப்பட்ட குவியலில் கிடந்த இதை சி.எச். ராபர்ட்ஸ் இனம்கண்டு 1935இல் வெளியிட்டார். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். காலத்தைச் சற்றுப் பின்னே தள்ளுவோரும் உண்டு. இரு பக்கமும் எழுத்து இருப்பதால் இது சுருளிலிருந்து கிழிந்ததன்று, ஏடுகள் தைத்த புத்தகத்திலிருந்து வந்தது என்பது தெளிவு. பக்கத்துக்கு ஏழு வரிகள். எந்த வரியும் முழுமையாக இல்லை. முன்பக்கம் யோவான் 18:31 முதல் 33 வரை. பின்பக்கம் 37, 38ஆம் வசனங்கள், அதாவது பிலாத்துவின் கேள்வி வரும் இடம். சத்தியத்தைச் சேர்ந்தவர்களைப் பற்றி இயேசு சொன்னதில் சில எழுத்துகள் மிஞ்சியிருக்கின்றன. பிலாத்துவின் கேள்வியோ கிழிந்துபோன பகுதியோடு போய்விட்டது.

இத்தகைய துண்டுகளும் முழு ஏடுகளுமாக, கைகளால் படியெடுக்கப்பட்டே புதிய ஏற்பாடு வந்தது. ஏடு பார்த்துப் பதிப்பித்த நம் தமிழறிஞர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்குப் பாடபேதம் என்பது புதிய செய்தியன்று. ஐரோப்பியக் கிறிஸ்தவர்களுக்கோ 1707இல் அது இடிபோல் இறங்கியது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜான் மில் முப்பது ஆண்டுகள் உழைத்து, கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 30,000 பாடபேதங்களைத் திரட்டி வெளியிட்டார். வெளியிட்ட இரண்டு வாரத்தில் இறந்தும்போனார். வேதத்தின் அஸ்திவாரத்தையே அசைத்துவிட்டார் என்று பக்தர்கள் பதறினார்கள். பார்த்தீர்களா, உங்கள் நூலே நிலையில்லாதது என்று நாத்திகச் சாய்வுள்ளவர்கள் மகிழ்ந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இரு தரப்பும் ஒரே எண்ணத்தில்தான் இருந்தன: எழுத்துக்கு எழுத்து மாறாத நூல் மட்டுமே கடவுளின் நூலாக இருக்க முடியும்.

இந்தக் குழப்பத்திலிருந்து வெளியேற வழிகாட்டியவர் ஒரு விசுவாசி என்பதைத் தமிழ்ச் சபைகள் அறிந்திருக்க வேண்டும். யோகான் ஆல்பிரெக்ட் பெங்கல், வூர்ட்டெம்பெர்க் நாட்டு லுத்தரன்; நம் தரங்கம்பாடிக்கு மிஷனெரிகளை அனுப்பிய பக்தியியக்கத்தின் மடியில் வளர்ந்தவர். டூபிங்கனில் மாணவராக இருந்தபோதே பாடபேதங்கள் அவர் மனத்தை அலைக்கழித்தன. கண்ணை மூடிக்கொண்டால் அமைதி கிடைத்திருக்கும். அவர் அதைத் தேடவில்லை. டெங்கெண்டார்ப் மடத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே ஆண்டுக்கணக்கில் பிரதிகளை ஒப்பிட்டார். 1734இல் தம் பதிப்பை வெளியிட்டபோது, பாடங்களை அவற்றின் தகுதிக்கேற்ப ஐந்து படிகளாகப் பிரித்து ஓரத்தில் குறித்திருந்தார். இத்தனை பேதங்களிலும் கிறிஸ்தவ விசுவாசத்தின் எந்த அடிப்படையும் ஆட்டம் காணவில்லை என்பதே ஆய்வின் முடிவில் அவர் அடைந்த உறுதி. அவர் வகுத்த விதி இன்றும் வாழ்கிறது: இரண்டு பாடங்களில் எது கடினமானதோ அதையே மூலம் என்று கொள்க. படியெடுப்பவன் கரடுமுரடானதை எளிதாக்குவான். எளிதானதை ஒருநாளும் கரடுமுரடாக்க மாட்டான். தாத்தியானின் நூலைச் சபை ஒதுக்கியபோது உள்ளுணர்வாக இருந்தது, பெங்கலின் கையில் ஒரு முறைமையாக உருப்பெற்றது. இதே பெங்கல்தான் வெளிப்படுத்தின விசேஷத்தைக் கொண்டு கணக்குப் போட்டு, ஆயிரவருட அரசாட்சி 1836இல் தொடங்கும் என்றும் எழுதினார். சுவடியை ஆராய்ந்தபோது அவரிடம் இருந்த பொறுமை, எதிர்காலத்தைக் கணித்தபோது இல்லாமல்போனது எனக்கு வருத்தம் தருகிறது.

பாடபேதம் நம் வீட்டு மேசைக்கு வரும் இடம் ஒன்று உண்டு. யோவான் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனம். நம் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய திருப்புதலில், பரலோகத்தில் சாட்சி கொடுப்பவர்கள் மூவர் என்று பிதாவையும் வார்த்தையையும் பரிசுத்த ஆவியையும் சொல்லும் வாக்கியம் இருக்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அது இல்லை. வேதத்தை வெட்டிவிட்டார்கள் என்று இதைக் காட்டிச் சுற்றறிக்கை அனுப்புகிறவர்களை நாம் பார்க்கிறோம். உண்மை என்ன? பழமையான கிரேக்கப் பிரதிகள் எவற்றிலும் அந்த வாக்கியம் கிடையாது. அது லத்தீன் வழியில் உள்ளே வந்தது. எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் வெளியிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அதை அச்சிடவில்லை. எதிர்ப்பு எழுந்து, அவ்வாக்கியம் உள்ள ஒரு கிரேக்கப் பிரதியும் காட்டப்பட்ட பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து பல மொழிகளுக்கும் பரவியது. 325இல் நிசேயாவில் கூடி வாதிட்ட ஆயர்களோ, அதன்பின் ஆயுள் முழுதும் போராடிய அத்தனாசியுவோ இந்த வாக்கியத்தை ஆதாரம் காட்டவில்லை. திரித்துவ விசுவாசம் அந்த வரி இல்லாமலேயே கட்டப்பட்டது. அது போனால் இடிந்துவிடப்போவதில்லை. நல்ல உபதேசத்துக்குத் துணையாக இருக்கிறதே என்பதற்காக, அப்போஸ்தலன் எழுதாத ஒன்றை அவர் வாயில் வைப்பது சத்தியத்துக்குச் செய்யும் சேவை ஆகாது. நம் ஆயர்கள் இதைப் பிரசங்க பீடத்திலேயே விளக்க வேண்டும் என்பது என் கருத்து. சபையார் தாங்கிக்கொள்வார்கள்.

அதிகாரத்தை வேதத்துக்குக் கொடுத்தது யார் என்ற பழைய வழக்கு இதனோடு சேர்ந்தது. இன்றுள்ள 27 நூல்களின் பட்டியலை அத்தனாசியு 367ஆம் ஆண்டின் திருநாள் மடலில் தந்தார். சபை பட்டியல் போட்டதால்தான் அவை வேதமாயின என்பது ஒரு வாதம். 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் நின்ற லூத்தர், போப்பும் சங்கங்களும் தவறியதுண்டு, வேதமும் தெளிவான நியாயமும் காட்டினால் மட்டுமே பின்வாங்குவேன் என்றது அதற்கு எதிர்வாதம். 1546இல் திரெந்து சங்கம் மரபையும் வேதத்தோடு சேர்த்துப் போற்றியது. நான்கு நூற்றாண்டு கழித்து, 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையின் ஆசிரியப் பணி இறைவார்த்தைக்கு மேலே நிற்பதன்று, அதற்குப் பணிபுரிவது என்று அறிவித்தது. நமது மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையையே வேதம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்றும் விளக்கியது. இரு தரப்புக்கும் இன்னும் இடைவெளி உண்டு. ஆனால் சாட்சியை உண்டாக்குவது நீதிமன்றம் அன்று, அதை ஏற்றுக்கொள்வதே அதன் வேலை என்பதில் இருவரும் அருகருகே வந்திருக்கிறார்கள்.

வேதத்துக்கு உண்மையிலேயே அதிகாரம் இருக்கிறதா என்பது, அதை வைத்திருப்பவர்களுக்கு எதிராக அது பேசும்போதுதான் தெரியவரும். தென்னாப்பிரிக்காவில் கேப் டச்சுச் சீர்திருத்தச் சபையின் சினோடு 1857இல் ஒரு தீர்மானம் எழுதியது. புதிதாக விசுவாசிகளான கறுப்பின மக்களை இருக்கிற சபைகளிலேயே சேர்த்துக்கொள்வதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஏற்றது என்று அது ஒப்புக்கொண்டது. ஆனாலும் சிலருடைய பலவீனத்தின் பொருட்டு அவர்களுக்குத் தனிக் கட்டடத்தில் ஆராதனை நடத்தலாம் என்று அனுமதித்தது. வேதம் சொல்வது என்ன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே சலுகை கொடுத்தார்கள். 1881இல் அவர்களுக்கென்று தனித் திருச்சபையே உருவாயிற்று. 1974இல் டச்சுச் சீர்திருத்தச் சபை பாபேல் கோபுரத்தையும் பெந்தெகொஸ்தே நாளையும் ஆதாரம் காட்டி இனப் பிரிவினைக்கு வேத விளக்கம் எழுதியது. அந்தத் தனித் திருச்சபையிலிருந்துதான் மறுப்பும் எழுந்தது: 1982இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையின் வரைவு, 1986இல் அதன் ஏற்பு. 1990 நவம்பரில் ருஸ்டன்பர்க் மாநாட்டில் ஸ்டெல்லன்போஷ் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, தம் பாவத்தையும் தம் சபையின் பாவத்தையும் அறிக்கையிட்டார். பேராயர் டெஸ்மண்ட் டுட்டு எழுந்து மன்னிப்பை அறிவித்தார்.

நமக்கு இது தூரத்துச் செய்தியன்று. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றுமடல் எழுதி, சாதி வேறுபாட்டை உடனே, முற்றிலுமாக விட்டுவிடும்படி கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெருங்கவி வேதநாயகம் சாஸ்திரியாரே அதற்கு முன்பு, 1820களில், தனி இருக்கை வழக்கத்துக்காக மிஷனெரிகளோடு வாதிட்டவர். வேதத்தை நேசித்துப் பாடிப் பாடி உருகிய மனிதர் அவர். கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற வேறுபாடு இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது அவருக்கு மனப்பாடமாகவே இருந்திருக்கும். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிக்காக எழுப்பிய சுவர்கள் இன்றும் நம் ஊர்கள் சிலவற்றில் நிற்கின்றன. அந்த ஊர்களின் ஆலயங்களிலும் கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் ஆராதனையில் வாசிக்கப்படுகிறது. வாசித்து முடித்தவுடன் அந்தச் சுவரைப் பெயர் சொல்லிப் பேசுகிற பிரசங்கத்தை நான் மிகச் சில முறைதான் கேட்டிருக்கிறேன்.