குண்டலகேசியும் நீலகேசியும்: இறப்பைப் பற்றிய பழைய வழக்கு

திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலைமீது பாறையில் பொறித்த திருவடிகள் உள்ளன. குந்தகுந்தர் எனப்படும் ஏலாசாரியருடையவை என்று தமிழ்ச் சமணர் வழிவழியாக அவற்றை வணங்கி வருகின்றனர். மனிதநிலை அழிந்து தேவநிலையோ பிறநிலையோ தோன்றும்போதும், அவ்விரண்டிலும் நின்ற உயிர் அழிவதுமில்லை, புதிதாய்த் தோன்றுவதுமில்லை என்பது அவர் பஞ்சாஸ்திகாயத்தில் காட்டிய நெறி. மாறுவது பரியாயம், நிற்பது திரவியம்.

இக்கொள்கையைத் தமிழகத்தில் நேர்நின்று மறுத்தவர் பௌத்தர். உள்ளன யாவும் கணந்தோறும் தோன்றிக் கெடுவன. ஐந்து கந்தங்களின் கூட்டமே உயிரெனப்படுவது. அதனுள் நிலைத்த ஆன்மா ஒன்றில்லை என்பது அவர் துணிபு. அவ்வாறாயின் மறுபிறப்பு எங்ஙனம்? ஒரு விளக்கினின்று மற்றொரு விளக்கை ஏற்றுவது போல என்பர். இரண்டாம் சுடர் முதற்சுடரே அன்று. முற்றிலும் வேறும் அன்று.

நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசியில் எஞ்சிய பாடலொன்று இதனை உள்ளம் உருக உரைக்கிறது. குழவிப்பருவம் இறந்தே பாலப்பருவம் வருகிறது; அது இறந்தே காளைப்பருவம். நாள்தோறும் இறந்துகொண்டிருக்கும் நாம், பிறர் சாவுக்கு அழுவோர், நமக்காக அழாதது ஏன் என்பது அதன் கேள்வி. சமயம் எதுவாயினும் இக்கேள்வியின் கூர்மையை மறுத்தற்கில்லை.

நீலகேசி இதனை எளிதில் விடவில்லை. சுடுகாட்டில் முனிச்சந்திரரால் அறம் உணர்ந்த நீலகேசி, முதலில் குண்டலகேசியிடமே வாதுக்குச் செல்கிறாள். பருவங்கள் மாறுவதை அருகன் நெறியும் ஏற்கும். ஆனால் கணந்தோறும் ஆளே மாறுவானாயின், வினை செய்தவன் ஒருவன், அதன் பயன் நுகர்வான் மற்றொருவன் என்றாகும். செய்தவன் தப்ப, செய்யாதவன் துன்புறுவான். வழக்கின் உயிர்நிலை இதுவே.

மணிமேகலையிலோ, பௌத்த வணிகனாகிய சாதுவன் நாகர் தலைவனுக்கு மறுபிறப்பை விளக்குமிடத்து, உடலைவிட்டு உயிர் சென்று புகும் என்றே பேசுகிறான். நாகனுக்கு விளங்கும்படி கூறவேண்டியிருந்தது போலும்.

குண்டலகேசி முழுநூலாய் இன்று இல்லை. கிடைப்பவை பத்தொன்பது பாடல்களே. நீலகேசிக்குச் சமயதிவாகரம் என்னும் உரை வகுத்த வாமன முனிவர், மறுக்கும்பொருட்டு அந்நூலின் பாடற் குறிப்புகளை எடுத்தாண்டமையால் அதன் வாதமுறையும் நமக்குத் தெரிகிறது. எதிர்த்தவர் ஏட்டில் எதிரியின் குரல் பிழைத்தது. அவ்வுரையையும் மூலத்தையும் 1936-இல் பதிப்பித்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி, 1920-இல் பஞ்சாஸ்திகாயத்தை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே.

இவ்வாதம் ஏட்டளவில் நின்றதன்று. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே வட்டெழுத்து உருப்பெறுங் காலத்துக் கல்வெட்டொன்று, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த நிசீதிகை அதுவெனக் கூறுகிறது. முதல் நாள் நோன்பு பூண்டவரும் இறுதி நாள் அதனை முடித்தவரும் ஒருவரே என்ற உறுதியின்றி அவ்விரதத்திற்குப் பொருளில்லை. அதே குன்றில், இளைய பட்டாரர் 30 நாள் நோற்றதைக் கூறும் பிற்காலக் கல்வெட்டும் உள்ளது.